தீம் பார்க் சாப்பாடு: விலை ஏறும்போது தரம் ஏன் இறங்குகிறது?

கேள்வி: விடுமுறைக்கு விடுமுறை குடும்பத்தோடு ஒரு பெரிய தீம் பார்க்குக்குப் போவோம். முன்பெல்லாம் ரைடுகளுக்கு நடுவே அங்கே உட்கார்ந்து சாப்பிடுவதே ஒரு சந்தோஷமாக இருக்கும். சில வருடங்களாக அது போய்விட்டது. இந்த முறை வாங்கிய பொரித்த கோழி மேலே காய்ந்துபோய், உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. ஃப்ரைஸ் துவண்டு கிடந்தது. தட்டில் அளவு குறைந்துவிட்டது, பில் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. "உள்ளே வந்தாச்சு, இனி அவர்கள் சொன்னதுதான் விலை" என்கிறார் கணவர். மாமனாருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் சாப்பிடாமல் நாளை ஓட்டவும் முடியாது. ஏன் இப்படி ஆனது? நாங்கள் என்ன செய்யலாம்? புகார் கொடுத்தால் யாராவது காதில் போட்டுக்கொள்வார்களா?

— ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பில்லைவிட என்னை அதிகம் உறுத்தியது அந்த வெதுவெதுப்பான கோழிதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சமைத்து வைத்த இறைச்சி பரிமாறும் வரை ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கி நெடுநேரம் கிடந்தால் கிருமிகள் பெருகும். கை வைத்தால் சூடு தெரியாத கோழியை "பரவாயில்லை, காசு கொடுத்தாச்சு" என்று சாப்பிடாதீர்கள், குழந்தைக்கும் பெரியவருக்கும் கொடுக்காதீர்கள். அப்படியே கவுன்ட்டருக்கு எடுத்துப் போய் மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அங்கே பேச்சு ருசியைப் பற்றியதல்ல, பாதுகாப்பைப் பற்றியது. பெரும்பாலான மேனேஜர்கள் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுப்பார்கள்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். தீம் பார்க், விமான நிலையம், கண்காட்சி அரங்கம் போன்ற இடங்களின் சமையலறைகளை நிர்வகிப்பதும் அவற்றுக்கு மெனு போட்டுக் கொடுப்பதும்தான் என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: விலையையும் தரத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பார்க்காதீர்கள். விலை ஏறுவதற்கு நியாயமான காரணங்கள் சில உண்டு. தரம் இறங்குவதற்கு அவ்வளவு நியாயம் கிடையாது. அது யாரோ ஒரு மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவு.

விலையை முதலில் பார்ப்போம். பொருள்கள் எல்லாம் வாசல் திறப்பதற்கு முன்பே பின்வழியாக உள்ளே வந்து சேர வேண்டும், அதற்கே தனிச் செலவு. விடுமுறையில் ஐந்நூறு தட்டு போகும் கடை, பள்ளி திறந்தபின் வாரநாளில் ஐம்பது தட்டோடு நிற்கும். ஆனாலும் அடுப்பும் ஆளும் இருந்தாக வேண்டும். இதற்கு மேல், பல பார்க்குகளில் கடையை நடத்துவது பார்க்கே அல்ல, கான்ட்ராக்ட் எடுத்த வெளி நிறுவனம். அது விற்பனையில் ஒரு பங்கைப் பார்க்குக்குக் கமிஷனாகக் கட்ட வேண்டும். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் இவ்வளவு என்று ஒரு குறைந்தபட்சத் தொகையும் பெரும்பாலும் இருக்கும். வெளியே ஒரு சாதாரண உணவகத்தில் பில் நூறு என்றால் ஏறக்குறைய முப்பது மளிகைக்கும் காய்கறிக்கும் இறைச்சிக்கும் போகும். கமிஷன் கட்டும் கடையில் அந்த முப்பதுக்கு இடமே இருக்காது. விலையை ஏற்று, அல்லது தட்டில் விழுவதைக் குறை. பலர் இரண்டையும் செய்கிறார்கள்.

பார்க்கே நேரடியாக நடத்தும் கடையிலும் இதே கதை ஏன் என்று கேட்பீர்கள். அதற்கு நுழைவு டிக்கெட்டைப் பார்க்க வேண்டும். தள்ளுபடியும் சீசன் பாஸும் போட்டுக் கூட்டத்தைச் சேர்க்கிறார்கள். பாஸ் வைத்திருப்பவர் ஐந்தாவது முறை உள்ளே வரும்போது வாசலில் ஒரு காசும் வசூலாவதில்லை. அந்த இடைவெளியை உள்ளே இருக்கும் கடைகள்தான் நிரப்ப வேண்டும். பங்குச் சந்தையில் இருக்கும் அமெரிக்கப் பார்க் நிறுவனங்கள் தங்கள் கணக்கறிக்கைகளில் ஒரு விருந்தாளி சராசரியாக எவ்வளவு செலவு செய்தார் என்பதைத் தனி எண்ணாகவே வெளியிடுகின்றன. முதலீட்டாளர்கள் அதைக் கூர்ந்து பார்ப்பார்கள். உள்ளே நடக்கும் கூட்டங்களிலும் அதே எண்தான் பேச்சு. அந்தக் கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நேற்று தலைக்கு எவ்வளவு வந்தது என்பது காலையிலேயே திரையில் வந்துவிடும். நேற்று சாப்பிட்டவர் முகம் சுளித்தாரா என்பது எந்தத் திரையிலும் வராது.

தரம் இறங்குகிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியே இருப்பவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. யாரும் ஒரே நாளில் "இன்று முதல் மட்டமான சாப்பாடு போடுவோம்" என்று முடிவு செய்வதில்லை. முதலில் பர்கருக்குள் வைக்கும் இறைச்சியின் எடையில் ஒரு சிறு பகுதி குறையும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசி பார்ப்பார்கள். வித்தியாசம் தெரியவில்லை என்பார்கள். சரி, தேறிவிட்டது. அடுத்த வருடம் பன் மாறும். அப்போது ஒப்பிடுவது ஏற்கெனவே எடை குறைந்த பர்கரோடுதான். அதுவும் தேறிவிடும். பிறகு வெண்ணெய்க்குப் பதில் விலை குறைந்த கொழுப்பு. அங்கேயே நறுக்கிய காய்க்குப் பதில் நறுக்கி பாக்கெட்டில் வந்த காய். ஃப்ரையர் எண்ணெயை மாற்றும் நாள் கொஞ்சம் தள்ளிப் போகும். ஒவ்வொரு மாற்றமும் அதற்கு முந்தைய படியோடு மட்டும்தான் ஒப்பிடப்படுகிறது. ஐந்து வருடத்துக்கு முந்தைய அசல் பர்கரைக் கொண்டுவந்து இன்றைய பர்கர் பக்கத்தில் யாரும் வைப்பதில்லை. வைக்கவும் முடியாது, அந்தச் சப்ளையரே போயிருப்பார். அந்த ஒப்பீட்டை மனதிலேயே செய்யக்கூடியவர்கள் உங்களைப் போல வருடா வருடம் வருகிறவர்கள்தான். அதனால்தான் உங்கள் நாக்கு சொல்வதை நான் அப்படியே நம்புகிறேன்.

எண்ணெய் என்றதும் இன்னொன்று. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் 'போலார் சேர்மங்கள்' எனப்படும் சிதைவுப் பொருள்கள் கூடும். பல நாடுகளில் அது 25 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டால் எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. அளந்து பார்க்கக் கையடக்கக் கருவியே இருக்கிறது. உங்களுக்குக் கருவி தேவையில்லை. பொரித்த பொருள் கரும்பழுப்பாக, மேலே பிசுபிசுப்பாக, ஒருவித மக்கிய வாசனையோடு வந்தால் எண்ணெய் அதன் ஆயுளைத் தாண்டிவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் ஃப்ரைஸுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்கிறேன். எண்ணெயிலிருந்து எடுத்ததும் உருளைக்கிழங்கின் மேல்தோல் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும், உள்ளே ஈரம் ஆவியாகத் தளதளவென்று இருக்கும். நேரம் போகப் போக உள்ளே இருக்கும் அந்த ஈரம் வெளித்தோலுக்கு வந்து அதை ஊறவைத்துவிடும். ஏழெட்டு நிமிடம்தான் அதன் நல்ல காலம். மேலே எரியும் சூட்டு விளக்கு அதைச் சூடாக வைக்குமே தவிர, மொறுமொறுப்பைக் காப்பாற்றாது. இப்போது மதியம் பன்னிரண்டரை மணிச் சமையலறையை நினைத்துப் பாருங்கள். காலையிலிருந்து ரைடுகளில் இருந்த பெரும் கூட்டம் இரண்டு மணி நேரத்துக்குள் மொத்தமாக வந்து நிற்கிறது. ஃப்ரையர் இருப்பதோ நாலைந்து. கேட்டபின் போட்டுக் கொடுத்தால் வரிசை பார்க் வாசல் வரை நீளும். எனவே பதினொன்றரைக்கே போட்டு விளக்குக்கடியில் குவிக்கிறார்கள், கோழியைச் சூடு ஆறாமல் வைக்கும் பெட்டியான வார்மரில் அடுக்குகிறார்கள். அங்கே நிற்கும் பையன்களும் பெண்களும் பெரும்பாலும் சீசனுக்கு எடுத்த மாணவர்கள். ஓரிரு நாள் பயிற்சியில் யார் வேண்டுமானாலும் செய்யும்படிதான் மெனுவே போடப்பட்டிருக்கும்: பாக்கெட்டை வெட்டு, கூடையில் கொட்டு, பட்டனை அழுத்து, மணி அடித்தால் எடு. அவர்கள் மேல் கோபப்படாதீர்கள். கொளுத்தும் சூட்டில் நாள் முழுக்க நின்றபடி, தாங்கள் போடாத மெனுவுக்கும் தாங்கள் வைக்காத விலைக்கும் அவர்கள்தான் திட்டு வாங்குகிறார்கள்.

கூட்டத்தின் சாப்பாட்டு நேரத்தைத் தவறாகக் கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு 1992-ல் பாரிஸ் அருகே திறந்த டிஸ்னி பார்க் நல்ல உதாரணம். ஐரோப்பியர்கள் காலை உணவை லேசாக முடித்துக்கொள்வார்கள் என்று நினைத்து உணவகங்களைச் சிறிதாக அமைத்தார்கள். வந்தவர்களோ முழு காலை உணவு கேட்டார்கள். மதியத்தில் அமெரிக்கர்களைப் போல நடந்துகொண்டே கொறிக்காமல், எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட வந்தார்கள். வரிசை தாங்கவில்லை. பார்க்குக்குள் ஒயின் கிடையாது என்ற கொள்கையையும் மறு வருடமே தளர்த்த வேண்டியதாயிற்று. சாப்பாட்டு விஷயத்தில் வருகிறவர்கள் அழுத்திச் சொன்னால் பார்க் மாறும் என்பதற்கும் இதுவே சாட்சி.

இந்தத் துறையில் எல்லோரும் மறந்துவிட்ட ஒரு சங்கதி உண்டு. கலிபோர்னியாவில் உள்ள நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற பார்க் சாப்பாட்டிலிருந்துதான் பிறந்தது. வால்டர் நாட், கார்டீலியா நாட் தம்பதி சாலையோரத்தில் பழப்பண்ணை நடத்திவந்தார்கள். பொருளாதாரம் நொடிந்து கிடந்த 1934-ல் கார்டீலியா தன் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளில் எட்டுப் பேருக்குப் பொரித்த கோழி விருந்து பரிமாறினார், ஒருவருக்கு 65 சென்ட். ருசி பரவி வரிசை நீண்டது. காத்திருப்பவர்களுக்குப் பொழுது போகட்டுமே என்று 1940 முதல் வால்டர் அங்கே அமெரிக்காவின் கௌபாய் காலத்துச் சிற்றூர் போல ஒன்றைக் கட்ட ஆரம்பித்தார். அது வளர்ந்து தீம் பார்க் ஆனது. கோழி சாப்பிட வந்தவர்களுக்காகத்தான் கேளிக்கை வந்தது. இன்று பல பார்க்குகளில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டதே என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

சந்தேகமும் இந்தத் தொழிலோடு கூடவே பிறந்ததுதான். 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறந்தபோது கடும் வெயில். பிளம்பர்கள் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய், கழிப்பறை இரண்டில் ஒன்றைத்தான் நேரத்துக்கு முடிக்க முடியும் என்ற நிலையில் கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார்கள். குழாயில் தண்ணீர் வராததைப் பார்த்த மக்கள், குளிர்பானம் விற்கத்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று கொதித்தார்கள். அன்று அது தவறான சந்தேகம். ஆனால் தாகத்தோடு நிற்பவரிடம் விற்கிறோம் என்ற உணர்வு அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு எப்போதும் இருக்க வேண்டும் என்பேன்.

மொத்தமாக முன்பணம் கட்டும் சாப்பாட்டுத் திட்டங்களைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 2005-ல் இப்படி ஒரு திட்டம் வந்தபோது, உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் முதலில் வரும் சிறு உணவும் டிப்ஸும் அதற்குள்ளேயே அடக்கம். 2008-ல் இரண்டும் கழன்றுவிட்டன. 2020-ல் திட்டம் நின்றது, 2024 ஜனவரியில் வேறு வடிவத்தில் திரும்பி வந்தது. இப்படிப்பட்ட திட்டங்களில் காசு ஏற்கெனவே கைமாறிவிடுவதால் தட்டை நன்றாக வைக்க வேண்டிய அவசரம் சமையலறைக்குக் குறைகிறது. உங்கள் வீட்டில் எல்லோரும் பெரிய சாப்பாட்டுக்காரர்கள் என்றால் கணக்குப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

எல்லா இடமும் இப்படித்தானா என்றால், இல்லை. அமெரிக்காவின் இண்டியானாவில் உள்ள ஹாலிடே வேர்ல்ட் என்ற குடும்பப் பார்க் 2000-ஆம் ஆண்டிலிருந்து குளிர்பானங்களை எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்துவருகிறது. பென்சில்வேனியாவின் க்னோபல்ஸ் பார்க்கில் நுழைவுக் கட்டணமே கிடையாது, வண்டி நிறுத்தவும் காசு கிடையாது. அங்கே சாப்பாட்டுக்கென்றே வருகிறவர்கள் உண்டு, துறை விருதுகளில் சிறந்த உணவுக்கான பரிசைப் பலமுறை வாங்கியிருக்கிறது. வாசல் திறந்திருப்பதால் சாப்பாடு சரியில்லை என்றால் ஆள் வெளியே நடந்துவிடுவார் என்பது அவர்களுக்குத் தெரியும். உங்கள் கணவர் சொன்னது அதனால்தான் முக்கால்வாசி சரி. உள்ளே வந்தபின் வேறு வழி இல்லை என்கிற இடத்தில்தான் தரம் முதலில் விழுகிறது. மீதிக் கால்வாசியை மாற்ற உங்களால் முடியும்.

எப்படி என்று கேட்டால், முதலில் நேரம். பதினொரு மணிக்குச் சாப்பிடுங்கள், அல்லது இரண்டரைக்கு மேல் சாப்பிடுங்கள். அதே கடை, அதே மெனு, ஆனால் தட்டில் வருவது வேறாக இருக்கும், ஏனென்றால் அப்போது கேட்டபின்தான் போடுவார்கள். செல்போனில் ஆர்டர் கொடுக்கும் வசதி இருந்தால் காலையிலேயே நேரத்தைப் பதிவு செய்துவிடுங்கள். அடுத்து, இருபது வகை எழுதியிருக்கும் கடையைவிட ஒன்றிரண்டை மட்டும் கண்முன்னே செய்து தரும் கடைக்குப் போங்கள். ஒரே பொருள் வேகமாகப் போகும் இடத்தில் எதுவும் விளக்குக்கடியில் கிடக்க நேரமிருக்காது. ஃப்ரைஸ் வாங்கினால் "புதுசா போட்டுத் தர முடியுமா? நிற்கிறோம்" என்று கேளுங்கள். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். குழந்தைகள் தட்டைப் பெரியவர்களுக்கும் தருவார்களா என்று விசாரியுங்கள், பல இடங்களில் தருகிறார்கள், அளவும் விலையும் ஒத்துவரும். காம்போவை வாங்குமுன் தனித்தனி விலையைக் கூட்டிப் பாருங்கள். யாரும் கேட்காத பானத்தை உங்கள் தலையில் கட்டுவதற்குத்தான் பல காம்போக்கள் இருக்கின்றன. பழைய படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அந்த வாரம் போனவர்கள் எடுத்த தட்டுப் படங்களைப் பாருங்கள்.

வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோகலாமா என்பது பார்க்குக்குப் பார்க் மாறும். அமெரிக்க டிஸ்னி பார்க்குகளில் கண்ணாடிப் பாட்டிலும் மதுவும் இல்லாமல் உணவு கொண்டுபோகலாம், அங்கே துரித உணவுக் கவுன்ட்டர்களில் குடிதண்ணீரும் இலவசமாகக் கிடைக்கும். டோக்கியோ டிஸ்னியில் கட்டுச்சோறு உள்ளே வராது, வாசலுக்கு வெளியே அதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். டிக்கெட் எடுக்கும் முன்பே உங்கள் பார்க்கின் விதியைப் படித்துவிடுங்கள்.

புகாருக்குப் பலன் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, சரியான விதத்தில் கொடுத்தால். 2019-ல் ஷாங்காய் டிஸ்னிலேண்டில் ஒரு சட்டக் கல்லூரி மாணவியின் பையைச் சோதித்து, அவர் கொண்டுவந்த தின்பண்டங்களை உள்ளே விடவில்லை. அவர் வழக்குப் போட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் சமரசம் ஆனது, அவருக்கு 50 யுவான் கிடைத்தது. தொகை சொற்பம்தான், ஆனால் உள்ளேயே சாப்பிடுவதற்கு வெளி உணவைக் கொண்டுவரலாம் என்று பார்க் தன் விதியை மாற்றிக்கொண்டது. வழக்கு வரை நீங்கள் போக வேண்டியதில்லை. "சாப்பாடு மோசம், கொள்ளை விலை" என்று மட்டும் எழுதினால் அது நூறோடு நூற்றொன்றாகப் போய்விடும். எந்தக் கடை, எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன வாங்கினீர்கள், என்ன குறை, பில் எண், தட்டின் படம், இவ்வளவும் வைத்து அன்றைக்கே விருந்தினர் சேவை மையத்தில் எழுதிக் கொடுங்கள். நேரம் முக்கியம். அதை வைத்துத்தான் அந்த ஷிஃப்டில் எத்தனை ஆள் இருந்தார்கள், வார்மரின் சூடு எவ்வளவு பதிவாகியிருக்கிறது என்று உள்ளே பார்க்க முடியும். பிறகு மின்னஞ்சலில் கருத்துக் கேட்டு வந்தால் அலட்சியப்படுத்தாதீர்கள். "மறுபடி வருவீர்களா" என்ற கேள்விதான் மேலிடம் வரை போகும் கேள்வி. அதில் குறைத்து மதிப்பெண் போட்டு, காரணம் சாப்பாடு என்று எழுதுங்கள். தலைக்கு எவ்வளவு வந்தது என்ற அந்தச் செலவு எண்ணோடு மோதக்கூடிய எண் அது ஒன்றுதான். நன்றாகச் சமைத்துக் கொடுத்த கடை இருந்தால் அதன் பெயரையும் எழுதுங்கள். பட்ஜெட்டுக்காக உள்ளே போராடும் சமையல் மாஸ்டர்கள் இருக்கிறார்கள், அந்த ஒரு வரி அவர்களுக்கு ஆயுதம்.

கடைசியாக மாமனார் விஷயம். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் கூட்டம் குறையட்டும் என்று அவரைக் காத்திருக்க வைக்காதீர்கள், அவருடைய வழக்கமான நேரத்தை ஒட்டியே சாப்பிட வையுங்கள். மருத்துவக் காரணத்துக்காகக் கொண்டுவரும் உணவை, வெளி உணவுக்குத் தடை போடும் பார்க்குகள்கூடப் பெரும்பாலும் அனுமதிக்கின்றன. முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் அனுமதி வாங்கி, மருத்துவர் சீட்டின் நகலோடு சேர்த்துப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை திடீரென்று இறங்கினால் கொடுக்க குளுக்கோஸ் மாத்திரையோ இனிப்போ உங்களிடமும் இருக்கட்டும், அவர் சட்டைப் பையிலும் இருக்கட்டும், ஏனென்றால் நீங்கள் ரைடில் இருக்கும்போது அவர் கீழே தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார்.